65 வயதில் யாரும் பிறப்பதில்லை

ரிச்சர்ட் பெர்ரி ஹாரிசன் என்ற பெயர் அமெரிக்க நாடக வரலாற்றில் எங்கே வந்தாலும் கூடவே ஒரு கதையும் வந்துவிடும். மார்க் கானலி என்ற வெள்ளைக்கார நாடகாசிரியர் ‘தி கிரீன் பாஸ்ச்சர்ஸ்’ என்ற நாடகத்தை எழுதிவிட்டு, அதில் கடவுளாக நடிக்க ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தார். ஹார்லெமில் நரைத்த தலையும் கணீரென்ற குரலுமாக ஒரு கறுப்பினப் பெரியவர் தற்செயலாக அவர் கண்ணில் பட்டார். பெரியவருக்கு வயது 65. பிராட்வேயில் அதுவரை நடித்ததே இல்லை. 1930 பிப்ரவரி 26 அன்று மேன்ஸ்ஃபீல்டு தியேட்டரில் மேடையேறினார். ஒரே இரவில் புகழ் வந்தது. நடிப்பென்று அவர் எதுவும் செய்யவில்லை, அவருடைய இயல்பே அப்படி என்று கதை முடிகிறது.

அடுத்த தலைமுறை இதே கதையைத் தலைகீழாகச் சொன்னது. ‘தி கிரீன் பாஸ்ச்சர்ஸ்’ வெள்ளையர்களின் கற்பனையில் வாழும் வெகுளிக் கறுப்பர்களைப் பற்றிய நாடகம்; அதில் கடவுளாக வந்தவர் அந்தக் கற்பனைக்குக் கம்பீரம் சேர்த்துக் கொடுத்தவர்; ஆகவே மறக்கப்பட வேண்டியவர் என்றது.

முதல் கதை அவரைத் தூக்கி வைக்கிறது, இரண்டாவது இறக்கி வைக்கிறது. ஆனால் இரண்டுக்கும் ஹாரிசன் பிறந்த ஆண்டு 1930தான். அதற்கு முந்தைய அறுபத்தைந்து ஆண்டுகள் இரண்டிலும் இல்லை. இந்த இரண்டு கதைகளையும் நான் மறுக்கிறேன். ஹாரிசனின் வாழ்க்கைப்பணி 1930-க்கு முன்பே நடந்தது. அவர் பயிற்சி பெற்ற நடிகர், தொழில்முறைக் கலைஞர், ஆசிரியர். கடவுள் வேடம் அந்த உழைப்பிலிருந்து விளைந்த ஒன்று. அதையே முழு வாழ்க்கையாக்குவது, கறுப்பினக் கலைஞருக்கு நாற்பது ஆண்டுகள் கதவைச் சாத்தி வைத்திருந்தவர்களின் கணக்கேட்டை அப்படியே நம்புவதாகும்.

முதலில் ‘கண்டெடுக்கப்பட்ட முதியவர்’ கதையை எடுத்துக்கொள்வோம்.

ஹாரிசன் 1864-ல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலுள்ள லண்டன் நகரில் பிறந்தார். அமெரிக்காவில் அடிமைகளாக இருந்து, தப்பி எல்லை தாண்டி வந்தவர்கள் அவருடைய பெற்றோர். மகனுக்கு ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்டின் பெயரை வைத்தார்கள். சிறுவன் செய்தித்தாள் விற்று, சேர்ந்த காசில் நாடகம் பார்த்தான். பிறகு குடும்பம் டெட்ராய்ட்டுக்கு வந்தது. அங்கே ஓட்டலில் பெட்டி தூக்கும் வேலை செய்துகொண்டே நாடகப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து முறையாக நடிப்புக் கற்றார். குரல், உச்சரிப்பு, மூச்சு, நிற்கும் விதம் என்று அந்தக் காலத்து நடிகனுக்கு வேண்டிய எல்லாவற்றையும் ஆசிரியரிடம் உட்கார்ந்து படித்தவர் அவர். இயல்பு மட்டுமே இவரைக் கடவுளாக்கியது என்பவர்கள் இந்த ஆண்டுகளை எங்கே கொண்டுபோய் வைப்பார்கள்?

பயிற்சி முடித்த கறுப்பின இளைஞனுக்கு 1890களின் அமெரிக்காவில் திறந்திருந்த வழி ஒன்றுதான். மின்ஸ்ட்ரல் மேடை. வெள்ளையர்கள் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு கறுப்பர்களைக் கேலி செய்யத் தொடங்கிய அந்தக் கேளிக்கையில், கறுப்பர்களும் தங்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டுதான் பிழைக்க வேண்டியிருந்தது. பெர்ட் வில்லியம்ஸ் போன்ற பெருங்கலைஞருக்கே அதுதான் கதி. அதற்கு உடன்படாதவர்களுக்கு நாட்டை விட்டுப் போவதே மிஞ்சியது. கறுப்பின நடிகர் ஐரா ஆல்ட்ரிட்ஜ் 1824-லேயே அமெரிக்காவை விட்டுக் கிளம்பி, ஐரோப்பாவில் ஒதெல்லோவும் லியருமாகக் கொடிகட்டிப் பறந்து, 1867-ல் போலந்தின் வூட்ஜ் நகரில் மறைந்தார். தாய்நாட்டு மேடைக்கு அவர் திரும்பவே இல்லை.

ஹாரிசன் கரியும் பூசவில்லை, கப்பலும் ஏறவில்லை. தனி ஆளாக மேடையை உருவாக்கிக்கொண்டார். அன்றைய அமெரிக்காவில் ஊர் ஊராகச் சொற்பொழிவும் கவிதை வாசிப்பும் நாடக வாசிப்பும் நடத்தும் சுற்றுகள் இருந்தன. அவற்றில் அவர் புறப்பட்டார். தேவாலயக் கூடம், பள்ளிக்கூட அறை, கறுப்பினக் கல்லூரி என்று எங்கே நாற்காலி போட இடம் கிடைத்ததோ அங்கே நின்று ‘மேக்பெத்’தையும் ‘ஜூலியஸ் சீசரை’யும் ‘டேமன் அண்ட் பித்தியஸை’யும் மனப்பாடமாக நடித்துக் காட்டினார். எல்லாப் பாத்திரமும் அவரே. சீசரும் அவர், புரூட்டஸும் அவர், ஆண்டனியின் பேச்சைக் கேட்டுக் கொதித்தெழும் ரோம் நகரத்துக் கூட்டமும் அவர். காட்சி ஜோடனை, உடைமாற்றம், திரைச்சீலை, பக்கவாத்தியம் எதுவும் கிடையாது. ஒரு குரலிலிருந்து இன்னொரு குரலுக்கு மாறும் அந்த அரைநொடியில் கேட்பவர் மனத்தில் இரண்டு ஆட்களையும் எதிரெதிரே நிறுத்தியாக வேண்டும். நாடகக் குழுவில் ஒரு வேடம் போடுகிறவருக்கு வாய்க்காத கடும் பயிற்சி இது. இதில் ஏறத்தாழ நாற்பதாண்டுகள் ஊறிய மனிதர், கடவுளாக நடித்தபோது ‘நடிக்கவே இல்லை’ என்று தோன்றியிருந்தால், அது அவர் கற்ற வித்தையின் வெற்றி. பாடுபட்டவரைப் பார்த்து ‘பிறவிக் குணம்’ என்று சொல்வது பாராட்டாகாது. அது உழைப்பின் மேல் போடும் திரை.

வயிற்றுப்பாட்டுக்கு அந்தச் சுற்றுப்பயணங்கள் போதவில்லை. புல்மன் ரயில் பெட்டிகளில் பணியாளராகவும் இருந்தார். அந்தப் பெட்டிகளில் வேலை பார்த்த கறுப்பின ஆண்கள் அத்தனை பேரையும், சொந்தப் பெயர் எதுவானாலும், ‘ஜார்ஜ்’ என்றே பயணிகள் கூப்பிடுவார்கள். மூன்றாம் ரிச்சர்டின் பெயரைச் சுமந்தவரும் அங்கே ஜார்ஜ்தான். பிராட்வேக்குத் தாமதமாக வந்தவர் என்று அவரைப் பற்றி எழுதுகிறவர்கள், அவர் எங்கே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தார் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். தாமதம் அவருடையது அல்ல.

அவருடைய நண்பரான கறுப்பினக் கவிஞர் பால் லாரன்ஸ் டன்பாரின் கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஹாரிசனின் 1895-ஆம் ஆண்டுத் திருமணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர் டன்பார். ஹாரிசனுக்காகவே ‘ஹெரிக்’ என்று ஒரு நாடகமும் எழுதினார். பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவி ராபர்ட் ஹெரிக்கைப் பற்றிய இன்பியல் நாடகம் அது. அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளைகளாகப் பிறந்த இரண்டு இளைஞர்கள் சேர்ந்து என்ன கனவு கண்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஆங்கிலக் கவியின் வேடத்தில் கறுப்பின நடிகர் மேடையேறுவது! அந்த நாடகம் டன்பார் உயிரோடிருந்தவரை மேடையேறவில்லை. 1896-ல் வில்லியம் டீன் ஹவெல்ஸ் என்ற பெரும் விமர்சகர் டன்பாரைப் புகழ்ந்து எழுதினார். ஆனால் புகழ் முழுக்கக் கறுப்பர்களின் கொச்சை வழக்கில் எழுதிய கவிதைகளுக்கே போனது. அதன் பிறகு பத்திரிகைகள் அவரிடம் அதை மட்டுமே கேட்டன. செவ்வியல் ஆங்கிலத்தில் எழுதியவை மதிப்பின்றிக் கிடந்தன. 33 வயதில் அவர் இறந்தும் போனார்.

டன்பாருக்கு நடந்ததுதான் முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து ஹாரிசனுக்கும் நடந்தது. ஷேக்ஸ்பியரை வாழ்நாள் முழுவதும் சுமந்தவரை அமெரிக்கா அடையாளம் கண்டுகொண்டது, அவர் தெற்கத்திக் கொச்சையில் பேசிய நாளில். இதில் இன்னொன்றும் உண்டு. கனடாவில் பிறந்து டெட்ராய்ட்டில் வளர்ந்த ஹாரிசனுக்கு அந்தக் கொச்சை வாயில் வராது. லூயிசியானா நாட்டுப்புறப் பேச்சை அவர் புதிதாகக் கற்றுக்கொண்டுதான் மேடையில் பேசினார். அவருடைய இயல்பு என்று பார்வையாளர்கள் கொண்டாடியது, அவர் பயின்று போட்ட வேடத்தை. ‘இயல்பான நடிப்பு’ என்ற கதை இந்த ஒரு தகவலிலேயே உடைந்துபோகிறது.

இனி, இரண்டு கதைகளுமே தொடாத பகுதிக்கு வருகிறேன். எனக்கு அதுதான் முதன்மையானது.

1920களின் தொடக்கத்தில் ஹாரிசன் வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகருக்குப் போனார். அங்கே கறுப்பின மாணவர்களுக்கான வேளாண்மை, தொழில்நுட்பக் கல்லூரி ஒன்று இருந்தது. பயிரும் பட்டறையும் கற்பிக்கத் தொடங்கப்பட்ட அந்த இடத்தில் அவர் நாடகத்தைக் கற்பித்தார். அதிலும் அவருடைய வகுப்புகள் கோடைக்காலத்தில் நடந்தன. கோடையில் அங்கே வந்து படித்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினப் பள்ளிகளின் ஆசிரியர்கள். நிறப்பிரிவினைச் சட்டங்களின் கீழ், வெள்ளை ஆசிரியர்களைவிடக் குறைந்த சம்பளத்தில், பழைய பாடநூல்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர்கள்; விடுமுறையில் தங்கள் தகுதியை உயர்த்திக்கொள்ள வந்தவர்கள்.

இதன் பொருளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு நடிகர் மேடையில் நின்றால் அன்று மாலை வந்தவர்கள் பார்ப்பார்கள். நாடகம் கற்ற ஆசிரியர் ஊர் திரும்பினால், அவர் பள்ளியின் ஆண்டு விழாவில் ஒரு மேடை முளைக்கும். வட கரோலினாவில் அந்தக் காலகட்டத்தில் கறுப்பினப் பள்ளிகளுக்காக ரோசன்வால்ட் நிதியும் கறுப்பின மக்கள் தாங்களே திரட்டிய பணமுமாகச் சேர்த்துக் கட்டப்பட்ட கட்டடங்கள் எண்ணூறுக்கும் மேல். வேறெந்த மாநிலத்திலும் அத்தனை இல்லை. ஓரிரு அறைகள் மட்டுமே கொண்ட சிறு பள்ளிகளும் அவற்றில் உண்டு. ஆசிரியருக்குக் கற்றுக்கொடுப்பது என்றால் அப்படிப்பட்ட வகுப்பறைகளின் கதவைத் திறப்பது. பிராட்வேயில் ஒரு கறுப்பின நடிகருக்கு இடமில்லாத நாளில், நெல் நாற்றங்கால் போல ஒரே இடத்தில் விதைத்துப் பல வயல்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார் ஹாரிசன்.

இது அவருக்கு நேர்ந்த தோல்வியின் ஆறுதல் பரிசு என்று நினைப்பவர்கள் உண்டு. நடிக்க வாய்ப்பில்லாதவன் வாத்தியாராகிறான் என்ற நினைப்பு எல்லா நாட்டிலும் இருக்கிறது. அதற்குப் பதிலாக ஒரு பெயரைச் சொல்கிறேன்: சார்லஸ் வின்டர் வுட். ‘தி கிரீன் பாஸ்ச்சர்ஸ்’ நாடகத்தில் ஹாரிசன் வர முடியாமல் போனால் கடவுளாக நடிக்கத் தயாராக வைக்கப்பட்டிருந்த மாற்று நடிகர் அவர். ஹாரிசன் ஒரு காட்சிகூடத் தவறவிடாததால் ஆண்டுக்கணக்கில் பக்கவாட்டில் காத்திருந்தவர். அந்த வுட் யார்? அலபாமாவின் டஸ்கீகி கல்லூரியில் ஆங்கிலமும் நாடகமும் கற்பித்த பேராசிரியர்! அந்த நாடகத்தின் இரண்டு கடவுள்களும் ஆசிரியர்கள். இது தற்செயல் அல்ல. கறுப்பின நடிப்புக்கலையைப் பிராட்வே ஒதுக்கியிருந்த காலத்தில் அதைப் பாதுகாத்து, பயிற்றுவித்து, அடுத்த கைக்குக் கொடுத்த இடங்களில் முக்கியமானவை கறுப்பினக் கல்லூரிகள். கானலி கண்டெடுத்ததாகச் சொல்லப்படும் வைரம் வருஷக்கணக்காகக் கல்லூரிப் பட்டறையில் பட்டை தீட்டப்பட்டுக்கொண்டிருந்தது.

பிராட்வேயை மட்டும் நம்பியவர்களுக்கு என்ன நடந்தது என்பதையும் பார்க்கலாம். சார்லஸ் கில்பின் 1920-ல் யூஜின் ஓ’நீலின் ‘தி எம்பரர் ஜோன்ஸ்’ நாடகத்தில் பேரரசராக நடித்து அமெரிக்காவையே அதிர வைத்தார். வசனத்திலிருந்த இழிசொற்களை மாற்றிப் பேசியதால் ஓ’நீலோடு மோதல் வந்தது. அடுத்த தயாரிப்பில் அந்த வேடம் பால் ரோப்சனுக்குப் போயிற்று. கில்பினின் மேடை வாழ்க்கை சரிந்தது. 1930-ல், ஹாரிசன் புகழின் உச்சிக்கு ஏறிய அதே ஆண்டில், அவர் இறந்தார். திறமையில் யாருக்கும் குறைந்தவரல்ல கில்பின். அவரைத் தாங்கிப்பிடிக்கும் நிறுவனம் எதுவும் அந்த மேடையில் இருக்கவில்லை. ஒரு கறுப்பின நடிகரின் வாழ்க்கையை வெற்றிபெற்ற ஒரு வேடத்தை வைத்து அளப்பது எவ்வளவு கொடுமையான அளவுகோல் என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

இப்போது இரண்டாவது கதை. ‘தி கிரீன் பாஸ்ச்சர்ஸ்’ கறுப்பர்களை இழிவுபடுத்தும் நாடகம் என்ற குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது. ரோர்க் பிராட்ஃபோர்ட் என்ற வெள்ளையர் எழுதிய கதைகளை வைத்துக் கானலி எழுதியது அது. அதில் சொர்க்கத்தில் மீன் வறுவல் விருந்து நடக்கிறது; நாட்டுப்புறப் போதகரின் கறுப்புக் கோட்டோடு கடவுள் வருகிறார்; நோவா தன் பெட்டகத்தில் சாராயப் பீப்பாய் ஏற்றக் கடவுளிடம் பேரம் பேசுகிறான். கறுப்பின மக்களின் ஆழ்ந்த பக்தியைக் குழந்தைத்தனமாகக் காட்டும் பார்வை நாடகம் முழுக்க இருக்கிறது. அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்ததும் அந்தப் பார்வை பலருக்கு உவப்பாக இருந்ததால்தான். இந்த நாடகத்தை நான் தாங்கிப் பேசப் போவதில்லை.

ஹாரிசனுக்கும் அந்தச் சங்கடம் இருந்தது. வேடத்தை ஏற்கத் தயங்கினார். கடவுளை மேடையில் காட்டுவது தெய்வ நிந்தனையாகுமோ, இந்தக் கொச்சை தன் மக்களை இழிவாக்குமோ என்று யோசித்தார். நியூயார்க்கின் எபிஸ்கோப்பல் பிஷப் ஹெர்பர்ட் ஷிப்மனிடம் ஆலோசனை கேட்டு, அவர் ஊக்கம் தந்த பிறகே ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டவர் அந்த வேடத்தைக் கேலிச்சித்திரமாக்க விடவில்லை. நாடகத்தின் முடிவை நினைத்துப் பாருங்கள். மனிதர்கள்மீது கோபம் கொண்டு ஒதுங்கியிருந்த கடவுள், துன்பப்படுகிற மனிதன் ஒருவனிடமிருந்து இரக்கத்தைக் கற்றுக்கொள்கிறார். கடவுளும் துன்பப்பட்டாக வேண்டும் என்று உணர்கிறார். கறுப்பின நடிகர் ஒருவர், நாற்காலியில் அமர்ந்து, படைத்தவனின் வேதனையை வெள்ளையர் நிறைந்த அரங்கத்துக்கு எடுத்துச் சொல்கிற காட்சி அது. தனி ஆளாகச் சீசரையும் மேக்பெத்தையும் சுமந்து பழகிய குரல்தான் அந்தக் காட்சிக்குக் கனம் தந்தது. நாடகாசிரியர் எழுதிய சின்னக் கடவுளை நடிகர் பெரிய கடவுளாக்கினார். 1931-ல் கறுப்பினத்தவர் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி. தன் உயரிய ஸ்பிங்கார்ன் பதக்கத்தை அவருக்கு அளித்தது. அந்த நாடகத்தின் குறைகள் அந்த அமைப்புக்குத் தெரியாதவை அல்ல.

இன்னொரு குற்றச்சாட்டு மேலும் கனமானது. 1933-ல் நாடகம் வாஷிங்டனின் நேஷனல் தியேட்டருக்குப் போனது. கறுப்பினத்தவர் பார்வையாளராக நுழைய முடியாத அரங்கம் அது. கறுப்பினக் கடவுள் மேடையில். கறுப்பின மக்கள் தெருவில். ஹாரிசன் நடிக்க மறுத்திருக்க வேண்டும் என்று அன்றே பலர் கண்டித்தார்கள். அந்தக் கண்டனம் சரி. 1936-ல் ‘போர்கி அண்ட் பெஸ்’ இசைநாடகம் அதே அரங்குக்கு வந்தபோது அதன் கலைஞர்கள் டாட் டங்கனும் ஆன் பிரவுனும் பிரிவினை இருக்கும்வரை பாட மாட்டோம் என்று உறுதியாக நின்று, அந்த நிகழ்ச்சிகளுக்காவது கதவைத் திறக்க வைத்தார்கள். ஆகவே அது முடியாத காரியமல்ல. ஹாரிசன் அங்கே தவறினார்.

ஆனால் அந்தத் தவறை முன்னிட்டு அவரையே அழிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். போர்கி குழு போனதும் நேஷனல் தியேட்டர் பழையபடி கதவை மூடிக்கொண்டது. நடிகர் சங்கம் ஒட்டுமொத்தமாகப் புறக்கணிக்க முடிவெடுத்த பிறகும், கறுப்பினத்தவரை அனுமதிப்பதைவிட நாடகத்தையே நிறுத்துவது மேல் என்று 1948-ல் அது சினிமாக் கொட்டகையானது. எல்லோருக்குமான நாடக அரங்காக மீண்டும் திறக்க 1952 வரை ஆயிற்று. சங்கமும் சட்டமும் சந்தையும் சேர்ந்து பல ஆண்டுகள் மோதி உடைத்த சுவர் அது. அதை உடைக்காத குற்றத்தை, மந்தநிலைக் காலத்தில் ஏறக்குறைய நூறு கறுப்பினக் கலைஞர்களுக்குச் சோறு போட்ட நாடகத்தின் நடுத்தூணாக நின்ற எழுபதை நெருங்கும் மனிதர் மேல் மொத்தமாக ஏற்றுவது நியாயமாகாது. தவறு என்று எழுதுங்கள். அந்த ஒரு வரியால் நாற்பதாண்டுகளைக் கிறுக்கி அடிக்காதீர்கள்.

ஹாரிசன் பிராட்வேயிலும் அமெரிக்கா முழுக்கச் சுற்றியும் 1,650-க்கும் மேற்பட்ட காட்சிகள் நடித்தார். 1935-ல் நாடகம் பிராட்வேக்குத் திரும்பியது. மார்ச் 4 தேதியிட்ட டைம் பத்திரிகையின் அட்டையில் அவர் முகம் வந்தது. அதே மாதம் 14-ஆம் தேதி அவர் இறந்தார். பேராசிரியர் வுட் கடவுளானார். 1936-ல் நாடகம் திரைப்படமானபோது அந்த வேடத்தில் ரெக்ஸ் இங்கிராம் நடித்தார். ஹாரிசனின் கடவுளைக் காட்ட அந்தப் படத்தில் ஒரு சட்டகமும் இல்லை. பார்க்க எதுவும் இல்லாத இடத்தில் கதைகள் நிரம்பின. வெள்ளைத் தயாரிப்பாளர்களுக்கு வசதியான கதை முதலில் நிரம்பியது. அதற்கு எதிர்ப்பாக எழுந்த கதையும் அவர் வாழ்க்கையை 1930-லிருந்தே தொடங்கியது.

கறுப்பின மக்கள் அவரை எப்படி நினைவுவைத்தார்கள் என்பதைப் பார்த்தால் இரண்டு கதைகளும் எவ்வளவு குறுகலானவை என்று தெரியும். அவர் இறந்த அதே 1935-ல் வட கரோலினாவின் ராலே நகரில் கறுப்பினத்தவருக்கென முதல் பொதுநூலகம் தொடங்கப்பட்டது. மாலி ஹஸ்டன் லீ என்ற நூலகர் நடத்திய அந்த நூலகத்துக்கு ரிச்சர்ட் பி. ஹாரிசன் நூலகம் என்று பெயர். கிரீன்ஸ்பரோ கல்லூரி தன் அரங்கத்துக்கு அவர் பெயரைச் சூட்டியது. அதன் நாடகக் குழுவும் ஹாரிசன் பெயரால் இயங்கியது. நூலகத்துக்கும் கல்லூரி அரங்கத்துக்கும் மக்கள் ஆசிரியரின் பெயரைத்தான் வைப்பார்கள். மேன்ஸ்ஃபீல்டு தியேட்டரில் டிக்கெட் வாங்கியவர்கள் ஒரு நடிகரைக் கண்டுபிடித்ததாக நினைத்தார்கள். வட கரோலினாவின் கறுப்பின மக்களுக்கு அவர் ஏற்கெனவே தெரிந்தவர்.

ஆகவே நாடக வரலாறு எழுதுகிறவர்களிடம் என் கோரிக்கை எளியது. ஹாரிசனைப் பற்றிய பத்தியை 1930-ல் தொடங்காதீர்கள். டெட்ராய்ட்டில் தொடங்குங்கள், தேவாலயக் கூடங்களில் தனியாக நின்று மேக்பெத் நடித்த ஆண்டுகளை எழுதுங்கள், கிரீன்ஸ்பரோவின் கோடை வகுப்புகளுக்கு முதலிடம் கொடுங்கள். கடவுள் வேடத்தை அதன் பிறகு எழுதுங்கள், அதன் பெருமையோடும் குறையோடும். அந்த வரிசையில் எழுதினால் ‘எங்கிருந்து வந்தார் இந்த முதியவர்’ என்ற கேள்விக்கே இடமிருக்காது. அவரைப் போன்ற இன்னும் எத்தனை ஆசிரியர்கள் அந்தக் கல்லூரிகளில் இருந்தார்கள், அவர்கள் பெயர்கள் ஏன் நம் நூல்களில் இல்லை என்ற கேள்வி எழும். கேட்கப்பட வேண்டிய கேள்வி அதுதான்.